பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வொர்க்ஷாப்பில் முப்பது வருசத்துக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்தடிக்கும் பம்பு, புல் வெட்டும் மெசின், தண்ணீர் பம்பு, மண்டோர்மார்களின் பழைய மோட்டார் என்று இந்தக் கையில் பிரியாத சின்ன இன்ஜின் குறைவு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது ஒரு 18 வெள்ளி பேரிங்.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுப் பையன், எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருக்கிறவன், சைக்கிளில் பூட்டுகிற சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றை யாரோ கழித்துக் கட்டிய விலைக்கு வாங்கி வந்தான். 80 சிசி என்று சொல்லி விற்கிறார்களே, அந்த வகை. சிலிண்டர் வாய் 47 மில்லி, பிஸ்டன் ஓட்டம் 38 மில்லி, கணக்குப் போட்டால் 66 சிசிகூட முழுசாக வராது, அது வேறு கதை. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று பையன் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து அவனே பிரித்திருக்கிறான். டவுனுக்குப் போய் பிஸ்டன், பிஸ்டன் பின், ரிங், பேரிங் எல்லாம் புதுசாக வாங்கி வந்து பூட்டிவிட்டான். பாராட்ட வேண்டிய விசயம்தான். 11 கிலோமீட்டர் ஓடியது. அப்புறம் கிலுகிலுவென்று ஒரு சத்தம், ஒரு 'டக்', நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"எல்லாம் புதுசு மாமா, எப்படிப் போகும்?" என்றான்.

மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பிஸ்டனுக்கும், அதைக் கீழே சுழலும் கிராங்கோடு இணைக்கிற தண்டான கான்ராடுக்கும் நடுவில் இருக்கிற ஊசி பேரிங்கின் கூடு இரண்டாக உடைந்து கிடக்கிறது, ஊசிகளில் பாதியைக் காணோம், சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறியதுபோல் நீள நீளமாகக் கோடு. இந்த வருசத்தில் இது எனக்கு வந்த மூன்றாவது கேஸ். ஒன்று ஜாலோங் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் ஒருவருடைய புல் வெட்டும் மெசின், இன்னொன்று இதே மாதிரி சைக்கிள் இன்ஜின். மூன்றிலும் போனது ஒரே இடம், மூன்றிலும் சாமான் புதுசு.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். இன்ஜின் பூட்டிய சைக்கிளைப் பதிவு எண், சாலை வரி, காப்புறுதி எதுவும் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டினால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதைப் பையனிடம் நானும் சொன்னேன், அவன் அப்பாவும் சொன்னார், செம்பனைக்கு உள்ளே போகிற மண் பாதையோடு நிறுத்திக்கொள் என்று. ஆனால் இதையெல்லாம் குப்பை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நம் வீட்டு வாசலில் எல்லாம் நிற்கிறதே ஹோண்டா, அந்தக் கம்பெனியை ஆரம்பித்த சொய்ச்சிரோ ஹோண்டா 1946-இல் செய்தது இதே வேலைதான். போர் முடிந்து வேண்டாம் என்று கிடந்த ராணுவ வானொலிக்கான ஜெனரேட்டர் இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பூட்டி விற்றார். ஆகவே பையன் கையில் கிரீஸ் ஒட்டியிருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்காமல் பூட்டினானே, அதுதான் வருத்தம்.

சரி, அந்தப் பேரிங் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் இன்ஜினைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அதில் கான்ராடின் மேல் கண்ணில் பேரிங்கே இருக்காது, வெறும் துளை, அதற்குள் பிஸ்டன் பின், அவ்வளவுதான். அது ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும், நடுவில் புகையைத் தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சியில் திரும்புகிற நேரத்தில் பின்மேல் இருக்கும் அழுத்தம் எதிர்ப்பக்கமாக மாறும், அந்த இடைவெளியில் எண்ணெய் உள்ளே போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த மூச்சுவிடும் நேரம் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் வெடி, ஒவ்வொரு சுற்றிலும் பின் கீழ்நோக்கியே அமுக்கப்படுகிறது. அதனால்தான் அங்கே ஊசி உருளைகளைக் கூட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பெட்ரோலோடு கலந்து ஆவிபோல் வருகிற கொஞ்சம் எண்ணெயே அவற்றுக்குப் போதும். இன்ஜின் நிமிசத்துக்கு 4000 சுற்றில் ஓடினால் பிஸ்டன் ஒரு விநாடிக்கு நூற்று முப்பது தடவைக்கு மேல் நின்று திரும்புகிறது. முடியளவு ஆட்டம் இருந்தாலும் அத்தனை தடவையும் அது ஒரு சுத்தியல் அடி.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பழைய தோட்டத்துச் சீனப் பிட்டர் ஒருவர், அவருக்கு மூன்று தமிழ் வார்த்தைதான் தெரியும், அதில் ஒன்று "கழுவு".

முதலில் கழுவ வேண்டும். பெட்ரோலில் அலசி, காற்றில் காயவிட்டு, பின், பேரிங், கான்ராடின் கண் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழைய பின்னின் நடுப்பகுதியில், ஊசிகள் உருளுகிற இடத்தில், நகத்தை ஓட்டினால் தட்டக்கூடாது. வரிவரியாகக் கோடு விழுந்திருந்தால் அல்லது நீலம் பாய்ந்திருந்தால் அந்தப் பின்னுக்கு வேலை முடிந்தது. நீலம் என்றால் சூடு ஏறியிருக்கிறது, எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்ததும் அதே மாதிரி போகும், எண்ணெய்க் கலவையையும் கார்புரேட்டரையும் காற்றுக் கசிவையும் பார்த்தே ஆக வேண்டும். பேரிங்கில் ஊசிகளை எண்ணுங்கள், சிரிக்காதீர்கள், ஒன்று குறைந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். கூட்டின் மூலைகளில் முடிபோல் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம்தான் பொருத்திப் பார்ப்பது. கான்ராடு மேலே வரும்படி கிராங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, பேரிங்கில் டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய டூ-டி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு கண்ணுக்குள் வைக்க வேண்டும், பிறகு பிஸ்டன் இல்லாமல் வெறும் பின்னை மட்டும் அதற்குள் நுழைக்க வேண்டும். இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நேரே பிஸ்டனோடு பூட்டிவிட்டால் பேரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியவே தெரியாது. பின் தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தட்ட வேண்டி வந்தால் இறுக்கம் அதிகம். நுழைந்த பிறகு ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள், பட்டுப்போல் சுற்ற வேண்டும், ஓரிடத்தில் கரகரவென்றால் மறுபடி கழுவுங்கள். இப்போது பின்னின் இரண்டு நுனியையும் பிடித்து, ஒன்றை மேலே ஒன்றைக் கீழே என்று ஆட்டிப் பாருங்கள். பின் நீளமாக இருப்பதால் உள்ளே இருக்கிற சின்ன ஆட்டம் நுனியில் பெரிதாகத் தெரியும். அதன் பிறகு கண்ணுக்கு இரண்டு பக்கமும் பின்னைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்த மேல் கீழ் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே அது கூடாது. பக்கவாட்டில் பேரிங் கொஞ்சம் நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நகர வேண்டும், ஆனால் கூடு அகலம் குறைந்த பேரிங்காக இருந்து கண்ணை விட்டு வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போனால் அது வேறு இன்ஜினுக்கு உரிய பேரிங்.

ஆட்டம் இருக்கிறது, சரி, யார் குற்றவாளி? மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை இது. பழைய பேரிங்கில் புதுப் பின்னைப் போட்டுப் பாருங்கள், ஆட்டம் போய்விட்டால் தேய்ந்தது பின். புதுப் பேரிங்கில் பழைய பின்னைப் போட்டுப் பாருங்கள், ஆட்டம் போய்விட்டால் தேய்ந்தது பேரிங். இரண்டும் புதுசாக இருந்தும் ஆடினால் கான்ராடின் கண்ணே பெரிதாகிவிட்டது, அல்லது தொழிற்சாலையிலிருந்தே பெரிதாக வந்திருக்கிறது. அதற்கு எந்தப் பேரிங்கும் மருந்து கிடையாது, கான்ராடோடு சேர்ந்து வருகிற கிராங்க் செட்டையே மாற்றியாக வேண்டும். சிலர் தகரத்தை வெட்டிச் சுருட்டிக் கண்ணுக்குள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அந்தத் தகரம் அரைத்துத் தூளாகிக் கீழே பெரிய பேரிங்குக்குப் போகும்.

அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள். பையன் கையில் இருந்தது இருபது வெள்ளி டிஜிட்டல் வெர்னியர், திரையில் இரண்டு தசமம் காட்டும், ஆனால் இரண்டு தடவை அளந்தால் இரண்டு எண் சொல்லும். இங்கே நாம் தேடுவது மில்லியில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசம். பின்னின் நடுவையும் இரண்டு நுனியையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிட்டால் நடுவில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் இல்லையா, கவலை இல்லை, மேலே சொன்ன கை சோதனையே போதும். மனிதன் விரல் லேசுப்பட்டதில்லை.

பிஸ்டனில் பின்னைப் போடுகிற கதை சின்னதுதான். பிஸ்டனின் துளையில் எண்ணெய் தடவி, கட்டை விரலால் அழுத்தினால் பின் போக வேண்டும். போகவில்லையா, பிஸ்டனைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிசம் போட்டு எடுங்கள், அலுமினியம் விரிந்து இடம் கொடுக்கும். கான்ராடில் மாட்டி வைத்துக்கொண்டு சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வேலை மட்டும் ஆகாது, ராடு வளையும், கீழ்ப் பேரிங்கும் அடி வாங்கும். பையன் அப்படித்தான் செய்திருக்கிறான், பின்னின் நுனியில் சுத்தியல் முத்திரை இருந்தது. இன்னொன்று, புதுப் பிஸ்டனையும் பழைய பிஸ்டனையும் பக்கத்தில் நிறுத்திப் பின் துளை ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கிற இன்ஜின்களிலேயே ஓட்டம் 38 மில்லியும் உண்டு, 40 மில்லியும் உண்டு, பிஸ்டன் மாறிப்போனால் ஹெட்டில் போய் இடிக்கவும் செய்யும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது புகை போகிற பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் இருக்கிற சின்ன முளையில் உட்கார வேண்டும்.

பின் நழுவி வராமல் இரண்டு பக்கமும் போடுகிற கம்பி வளையமான சர்க்ளிப் எப்போதும் புதுசாக இருக்க வேண்டும். கழற்றியதைத் திருப்பிப் போடாதீர்கள், ஐம்பது சென் மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டரையே இழக்க வேண்டி வரும். பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகச் சுற்றிப் பார்த்து, திறந்த வாய் மேலே அல்லது கீழே பார்க்கும்படி விட வேண்டும், கழற்றுவதற்காக வெட்டியிருக்கிற காடியின் நேரே அந்த வாய் வரக்கூடாது. அதற்கு முன்னால் கிராங்க் கேஸ் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். நான் ஒரு தடவை அடைக்காமல் விட்டு, சர்க்ளிப் தெறித்து, உள்ளேதான் விழுந்தது என்று ராத்திரி பூராவும் இன்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்தும் காந்தத்தை நூலில் கட்டி விட்டும் தேடினேன். காலையில் குளிக்கப் போனபோது கைலி மடிப்பிலிருந்து விழுந்தது. வீட்டுக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இதெல்லாம் பூட்டுகிறவன் பார்க்க வேண்டியது. இப்போது விற்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பையனுடைய கான்ராடையும் பழைய பின்னையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவனோடு நானே கடைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், என் பிள்ளை வயசு. பேரிங்கைப் பொருத்திப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பொட்டலத்தைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் அங்கிள், பிரித்ததைத் திருப்பி வாங்கமாட்டோம் என்றார். பிரிக்காமல் எப்படித் தம்பி பார்ப்பது என்றேன். சைஸ் எல்லாம் ஒன்றுதான், போடலாம் லா என்றார். பொட்டலத்தின் மேல் '80 சிசி' என்று மட்டும் அச்சடித்திருந்தது, அளவு எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் வாங்கி, கடை வாசலிலேயே பிரித்து, கடை முன் நடைபாதையில் நின்றுகொண்டே கண்ணுக்குள் போட்டுப் பார்த்தேன். ஆடியது. இரண்டாவது பொட்டலம் வாங்கினேன், அதுவும் ஆடியது, ஆனால் முதலாவதைவிடக் குறைவாக. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பேரிங் இரண்டு விதமாக உட்காருகிறது என்றால் 'சைஸ் எல்லாம் ஒன்றுதான்' என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

36 வெள்ளி போனதில் எனக்குப் பெரிய நட்டம் இல்லை. வேலை தேடுகிற பையனுக்கு அது இரண்டு நாள் சாப்பாடு. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்று இருக்கிறது, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகாரும் செய்யலாம். ஆனால் 18 வெள்ளி பேரிங்குக்காக யார் ஈப்போவுக்கு பஸ் ஏறப் போகிறார்கள்? அதுதான் கடைக்காரர்களுக்கும் தெரியும்.

கடைக்காரர்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. பத்துப் பேர் பிரித்துப் பார்த்து எண்ணெய்க் கையோடு திருப்பிக் கொடுத்தால் பதினோராவது ஆள் வாங்கமாட்டான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கவுண்டரில் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு பேரிங்கைப் பிரித்து மாதிரிக்கு வையுங்கள், கூடவே 10 மில்லி பின் ஒன்று, ஒரு துணி. ராடைக் கொண்டுவருகிறவன் அதில் போட்டுப் பார்க்கட்டும். கண் பெரிதாகிப்போன ராடு என்றால் அங்கேயே தெரிந்துவிடும், அவன் பேரிங்குக்குப் பதில் கிராங்க் செட் கேட்பான், உங்களுக்கும் வியாபாரம்தான். பொட்டலத்தின் மேல் உள்வட்டம், வெளிவட்டம், அகலம் என்று மூன்று எண்ணையும் எழுதி ஒட்டுங்கள், பேரிங் கடைகளில் அப்படித்தான் விற்கிறார்கள், பெரிய செலவு எதுவும் இல்லை. வாங்குகிறவர்களும் பழைய பின்னையும் பேரிங்கையும் கையோடு எடுத்துப் போங்கள், 'சைக்கிள் இன்ஜினுக்கு ஒரு பேரிங்' என்று வெறுங்கையோடு போய்க் கேட்காதீர்கள்.

இது சைக்கிள் இன்ஜின் வைத்திருக்கிற நாலு பையன்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரைச் சுற்றி பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு புல் வெட்டுகிற மெசின், குலை வெட்டுகிற மெசின், மருந்தடிக்கிற மெசின் என்று முதுகிலும் தோளிலும் தொங்குகிற இன்ஜின்களில் நிறைய டூ ஸ்ட்ரோக், உள்ளே இதே ஊசி பேரிங். காண்ட்ராக்டில் வேலை செய்கிறவனுக்கு மெசின் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ஜாலோங்காரர் மெசின் நான்கு நாள் என் வாசலில் கிடந்தது, பேரிங்குக்காக, பொருந்துகிற பேரிங்குக்காக.

எண்ணெய்க் கலவை பற்றி இரண்டு வார்த்தை, கேட்காமலே சொல்கிறேன். இந்த வகை இன்ஜினைப் புதுசாகப் பூட்டியதும் முதல் ஓட்டங்களுக்கு 16-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 60 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல். பிறகு 20-க்கு 1 அல்லது 25-க்கு 1, அது 50, 40 மில்லிலிட்டர். புகை வருகிறது என்று பையன் 50-க்கு 1 போட்டிருக்கிறான், 20 மில்லிலிட்டர்தான். ஆடுகிற பேரிங், அதற்குப் பாதிப் பட்டினி வேறு.

அவனுடைய இன்ஜின் இப்போது என் வீட்டு அஞ்சடியில் கோதுமை மாவு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. கண்தான் பெரிதாகியிருக்கிறது, பின்னும் பேரிங்கும் பாவம் ஒன்றும் செய்யவில்லை. கிராங்க் செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் பிஸ்டனைத் தொடுவதற்கு முன்னால் வெறும் பின்னைப் போட்டு ஆட்டிப் பார்க்கப் போவது அவன்தான், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்துப் பிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.